போக 7½ மணி. வர 9½ மணி!
தூரம் ஒன்றே, நேரம் மட்டும் வேறு ஏன்?

டெல்லியில் இருந்து ஜப்பானின் தலைநகர் டோக்கியோவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர். போகும்போதும் அதே தூரம். வரும்போதும் அதே தூரம். ஆனால், பயண நேரம் ஒன்று அல்ல!

வழியில் எங்கும் நிற்காத விமானம், டோக்கியோ போய்ச் சேர சுமார் 7½ மணி நேரம் ஆகிறது. குளிர்காலத்தில் திரும்பி வர 9½ மணி நேரத்துக்குக் குறையாது.

இது என்ன வேடிக்கை?

கடிகாரத்தின் கணக்கு

கடிகாரத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும்!

டெல்லியில் இரவு 8 மணிக்கு ஒரு விமானம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது டோக்கியோவில் இறங்கும்போது அங்கே காலை 7 மணி. 11 மணி நேரம் பறந்தது போலத் தோன்றும்.

திரும்பும்போது டோக்கியோவில் பகல் 11 மணிக்குப் புறப்பட்டால், அன்று மாலை 5 மணிக்கு டெல்லி வந்துவிடலாம். 6 மணி நேரம்தான் ஆனது போலத் தோன்றும்!

காரணம் இதுதான். ஜப்பான் நமக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே முதலில் பொழுது விடிகிறது. ஆகவே, ஜப்பான் கடிகாரம் 3½ மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அந்த 3½ மணியைக் கழிக்க வேண்டும். வரும்போது கூட்ட வேண்டும். அப்போது உண்மையான நேரம் தெரிந்துவிடும்.

ஆகாயத்தில் ஓர் ஆறு

சரி, வரும்போது 2 மணி நேரம் கூடுவது ஏன்?

காற்றுதான் காரணம்! சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஆறு போல் ஓடுகிறது. வெப்பமான தெற்குக்கும் குளிர்ந்த வடக்குக்கும் உள்ள வேற்றுமையால் இது பிறக்கிறது. பூமியின் சுழற்சி இதைக் கிழக்கே திருப்புகிறது. குளிர்காலத்தில் இதன் வேகம் அதிகம், கோடையில் குறைவு.

ஆற்றோடு போகும் ஓடம் விரைந்து செல்லும். எதிர்த்து வரும் ஓடம் திணறும். விமானமும் அப்படியே! எதிர்க்காற்றில் வர எரிபொருளும் அதிகம் வேண்டும். அதனால்தான் விமானிகள் காற்றின் நிலவரம் அறிந்து வழியை வகுக்கிறார்கள்.

படித்தவர் சிலரே!

இந்தக் காற்றை அளந்து சொன்னவர் ஜப்பானிய வானிலை நிபுணர் வாசாபுரோ ஓயிஷி. 1920-களில் அவர் பலூன்களைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார். குளிர்காலத்தில், 9 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதைக் கண்டார்!

உலகத்தார் எல்லோரும் படிக்க வேண்டும் என்று எண்ணி, 1926-ல் தம் அறிக்கையை "எஸ்பெராண்டோ" என்ற பொது மொழியில் வெளியிட்டார். அந்தோ! அந்த மொழி தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அறிக்கை கவனிப்பார் இன்றிக் கிடந்தது.

1944-ல், உலகப் போரின்போது, டோக்கியோ மீது உயரப் பறந்த அமெரிக்க விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கின. குண்டுகள் குறி தவறி விழுந்தன. அதன் பிறகே அந்தக் காற்றின் வலிமையைப் பலரும் உணர்ந்தார்கள்.

டோக்கியோ சென்ற பிள்ளை குளிர்காலத்தில் ஊர் திரும்புகிறானா? "போகும்போது சீக்கிரம் போனானே, இன்னும் காணோமே!" என்று வீட்டார் கலங்க வேண்டாம். வழியில் எதிர்க்காற்று, அவ்வளவுதான்!