மன அழுத்தம்: வீட்டுப் பழக்கம் எதுவரை, மருத்துவமனை எப்போது?

தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் நேரடியாக மாத்திரை கேட்டு வாங்குவோர், நெஞ்சுப் படபடப்புக்கு மாதக்கணக்கில் இதய மருத்துவர்களை மாற்றி மாற்றிப் பார்ப்போர், பல ஆயிரம் ரூபாய் கட்டி ஒருநாள் தியான முகாமுக்குப் போய்வந்து மறுநாளே பழைய நிலைக்குத் திரும்புவோர், மூச்சுப் பயிற்சி தொடங்கிய தெம்பில் மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் என, மன அழுத்தத்தைத் தவறாகக் கையாளும் மக்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றனர். அன்றாடப் பழக்கத்தால் தீரக்கூடியது எது, மருத்துவ உதவி தேவைப்படுவது எது என்ற எல்லை தெரியாமையே இவர்கள் எல்லோருக்கும் பொதுவான குறை. அந்த எல்லையைச் சொல்லித்தர வேண்டிய அரசு அலுவலகங்களில் பல, அக்டோபர் 10-ஆம் நாள் உலக மனநல நாளன்று பதாகை பிடித்து ஊர்வலம் நடத்துவதோடு கடமை முடிந்ததாகக் கருதிவிடுகின்றன.

மன அழுத்தம் என்பது நெருக்கடியை எதிர்கொள்ள உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் நிலை. அப்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்க, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் உயர்கின்றன. நெருக்கடி நீங்கியதும் இவை தணிந்துவிட்டால் கேடில்லை. கடன், குடும்பத் தகராறு, ஓய்வற்ற வேலை போன்ற காரணங்களால் இந்நிலை மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான் தூக்கமும் செரிமானமும் நினைவாற்றலும் கெடுகின்றன. நடப்பதைத் தீர்ப்பு கூறாமல் அந்தந்தக் கணத்திலேயே கவனிக்கும் முழுக்கவனப் பயிற்சியை, ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்டு வாரப் பயிற்சித் திட்டமாக வகுத்து மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். ஒருநாள் முகாமில் எல்லாம் முடிந்துவிடும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டுமுன், மூலத்திட்டமே எட்டு வாரம் கேட்டது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பழக்கங்களில் முதலிடம் பெற வேண்டியது எழும் நேரம். படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தித் தூக்கத்தை வரவழைக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெளிச்சத்தில் சற்று நேரம் வாசலிலோ மொட்டைமாடியிலோ நின்றால், உடலின் உள்கடிகாரம் சீரடைந்து இரவில் தூக்கம் தானாக நேரத்துக்கு வரத் தொடங்கும். காப்பி, தேநீரில் உள்ள காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. எனவே மாலை ஆறு மணிக் காப்பியைக் குடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று மாத்திரை தேடுவது, காரணத்தை விட்டுவிட்டு விளைவோடு மல்லுக்கட்டுவதாகும். நடைப்பயிற்சியைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. நாளுக்கு அரை மணி நேரம் என வாரம் ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தால் அதன் கீழ் வரம்பு நிறைவேறிவிடும்.

மூச்சுப் பயிற்சி மிக எளியது, ஆயினும் மிகுதியாகத் தவறாகச் செய்யப்படுவதும் அதுவே. முதுகை நிமிர்த்தி நாற்காலியிலோ தரையிலோ உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மீது வைத்து, வயிறு எழும்புமாறு மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விட வேண்டும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் செயல் மேலோங்கி இதயத்துடிப்பு தணிகிறது. பலரும் செய்வதுபோல் வேகவேகமாக ஆழ்ந்து இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றலும் விரல்நுனி மரத்தலும் ஏற்பட்டு, பதற்றம் கூடுமே தவிரக் குறையாது. ஐந்து நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும். பல் துலக்கியவுடன், விளக்கேற்றியவுடன் என ஏற்கெனவே உள்ள வழக்கம் ஒன்றோடு அதைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒரு பழக்கம் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன என்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்று காட்டியது; எனவே முதல் வாரத்திலேயே பயனில்லை என்று கைவிடுவது அவசரம். கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மட்டும், நெடுநேர மௌனத் தியானத்தில் அமருமுன் தங்கள் மருத்துவரைக் கேட்டாக வேண்டும், ஏனெனில் சிலருக்கு அது நோயைக் கிளறிவிடும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்று கடை ஊழியர்களும் உணவகத் தொழிலாளர்களும் கேட்பது நியாயமே. ஆனால் அந்த நேரத்தில் ஒரு பகுதி அவர்களுக்குச் சட்டப்படியே உரியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் கீழ் வரும் இடங்களில் வழக்கமான வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு தந்திருக்க வேண்டும். நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் கொடுமையைத் தடுக்க, ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் 22-அ என்ற பிரிவு 2021-இல் சேர்க்கப்பட்டது. இருக்கையோ ஓய்வோ மறுக்கப்பட்டால், கடையின் பெயர், முகவரி, வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தந்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். வாய்மொழிப் புகார் கோப்பில் ஏறாது.

பழக்கங்களைத் தொடங்கும் நாளிலேயே ஒரு சிறு நோட்டும் தொடங்கப்பட வேண்டும். பக்கத்துக்கு ஒரு நாள் வீதம், படுத்த நேரம், எழுந்த நேரம், நடந்த நிமிடங்கள், மூச்சுப் பயிற்சி செய்ததா இல்லையா, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், உட்கொண்ட மருந்துகள் ஆகிய ஆறு செய்திகளை மட்டும் எழுதினால் போதும். இரண்டு வாரம் கழிந்த பின்னும் பெரும்பாலான நாட்களில் சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ, தூக்கக் குலைவோ நீடிப்பதாக நோட்டு காட்டினால், பழக்கங்களின் எல்லை அங்கே முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் உடன் செய்யப்பட வேண்டும். சாகும் எண்ணம் தோன்றினால் இரண்டு வாரக் கணக்கு எதுவும் பொருந்தாது. அன்றே, அந்த மணியே உதவி நாட வேண்டும்.

தூக்க மாத்திரை பற்றிய எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் மக்கள் பொருட்படுத்துவதில்லை. அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவை எச்-1 பட்டியலில் உள்ள மருந்துகள். மருந்துச் சீட்டின்றி விற்பது குற்றம் என்பதோடு, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருப்பது கடைக்காரரின் கடமை. சீட்டு கேட்காமல் தருபவர் உதவி செய்பவர் ஆகார். அடிமைப்பழக்கத்துக்கு வழி திறந்துவிடுபவர் ஆவார். இவற்றை நாள்தோறும் உட்கொண்டு வந்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிய மருந்தைத் தியானத்தை நம்பி நிறுத்தாதீர்கள்.

உதவி நாடும் முதல் இடம் தொலைபேசியாக இருக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண், நாள் முழுதும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை தருகிறது. தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் உள்ளது. நேரில் செல்பவர்கள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவதால், எந்த நாள் என்பதை அங்குள்ள புறநோயாளிச் சீட்டு தரும் இடத்தில் கேட்டுக்கொண்டால் ஒரு வீண் பயணம் மிச்சமாகும். அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், மேற்சொன்ன நோட்டு ஆகிய மூன்றையும் கொண்டுசெல்ல வேண்டும். கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், நோயாளி நினைவிலிருந்து தடுமாறிச் சொல்வதைவிட இரண்டு வார நோட்டு மிகுதியாகச் சொல்லிவிடும்.

இது சலுகை என்று எவரும் கூச வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி எப்போதும் கிடைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இருந்தும் "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பதிலைப் பெற்று முணுமுணுத்தபடி வீடு திரும்புவோரே மிகுதி. அவ்வாறு திரும்பாமல், மருந்து இருப்பில் இல்லை என்பதைப் புறநோயாளிச் சீட்டிலேயே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். எழுதித் தந்தாலும் மறுத்தாலும், நாள், நேரம், மருந்தின் பெயர் ஆகியவற்றோடு மருத்துவமனையின் பொறுப்பு அலுவலருக்கு ஒரு மனுவும், மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அதன் நகலும் தர வேண்டும். அங்கும் அசைவில்லையேல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதே மனுவைப் பதிவுசெய்து எண்ணுடன் கூடிய ரசீதைப் பெற வேண்டும். சிகிச்சைக் குறைபாடு பற்றிய புகாரை மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் எடுத்துச் செல்லலாம். இலவசச் சட்ட உதவிக்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

தனியாரிடம் செல்பவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. மருந்து எழுதும் மனநல மருத்துவர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவராகவும், மருத்துவ உளவியலாளர் என்று கூறிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற்றவராகவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் சிகிச்சை பெறாதிருப்பதே நலம். நோயாளியின் விவரங்களை மறைவாகக் காப்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கட்டாயம் என்பதால், அலுவலகத்துக்கோ உறவினர்களுக்கோ செய்தி போய்விடும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

அச்சத்தால் உயிரே போகும் இடம் ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்றவரை, வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மேற்படி சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் தெளிவாகக் கூறுகிறது. எனவே 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் தங்கள் உரிமையை அறியாதவர்களே. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4)-ஆம் பிரிவு. மனநோய் என்ற காரணத்துக்காகவே கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் பெற்று, பாலிசியின் நகல், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், அசல் ரசீதுகள் ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் சென்னை அலுவலகத்தில் மனு தரலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. அதற்குரிய காலவரம்பு ஓராண்டு மட்டுமே. எல்லா ஆவணங்களையும் சேர்த்து வைத்திருந்தும் இந்தக் காலவரம்பைத் தவறவிட்டு உரிமையை இழப்பவர்கள் உண்டு என்பதால், மறுப்புக் கடிதம் வந்த தேதியை அன்றே குறித்துவையுங்கள். 14416 என்ற எண்ணை வீட்டில் உள்ள அனைவரின் கைப்பேசியிலும் இன்றே பதிந்துவையுங்கள்.