"பேக்கப் எடுக்கணும் சார்" கெஞ்சும் சிஸ்டம் அட்மின்; கண்டுகொள்ளாத முதலாளி

கோவை:

பிரிண்டர் ஓடவில்லையா? கூப்பிடு சிஸ்டம் அட்மினை. நெட் வரவில்லையா? அதற்கும் அவர்தான். ஆனால் அதே ஆள், "சார், பேக்கப் எடுக்க தனியா ஒரு ஹார்டு டிஸ்க் வேணும்" என்று போய் நின்றால் மட்டும் முதலாளியின் முகம் சுருங்கி விடுகிறது.

கோவை, திருப்பூர் பக்கம் சின்ன மில், பனியன் கம்பெனி ஆபீஸ்களில் கம்ப்யூட்டரை கவனிக்க பெரும்பாலும் ஒரே ஒரு ஊழியர்தான். இவர்களது புலம்பலும் ஒரே மாதிரிதான். ஆபீஸ் முழுவதுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் மானிட்டரில் சீட்டு எழுதி ஒட்டி இருப்பார்கள். முதலாளி கம்ப்யூட்டருக்கு அது கூட கிடையாது! விண்டோசை மாற்றச் சொன்னால், "இத்தனை வருஷமா ஓடுதுல்ல தம்பி, இப்ப மட்டும் என்ன ஆயிடும்?" என்பார். ரிசப்ஷனுக்கு புது சோபா வாங்க மட்டும் பணம் இருக்கும்.

என்ன ஆகும்? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுத்தி விட்டது. அதன்பிறகு தெரிய வரும் ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும். 'பில்' என்ற பெயரில் வரும் இ-மெயிலை அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஒருவர் கிளிக் செய்தால் போதும். உள்ளே புகும் 'ரான்சம்வேர்' நெட்வொர்க் வழியாக சர்வர் வரை பரவி, டேலி கணக்கு முதல் ஷிப்மென்ட் பைல் வரை பூட்டி விட்டு பணம் கேட்கும். சர்வரிலேயே செருகி வைத்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தனி டிஸ்க் கேட்பது இதற்காகத்தான். பேக்கப் முடிந்ததும் அதை கழற்றி வைக்க வேண்டும்.

சின்ன கம்பெனி என்றில்லை, இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். 'வான்னாகிரை' வைரஸ் தாக்கியது 2017 மே 12-ந்தேதி. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ந்தேதியே வந்து விட்டது. போடும்படி ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கையும் போனது. பல இடங்களில் போடவில்லை. ஆஸ்பத்திரிகளை நடத்தும் 236 அமைப்புகளில் 81-க்கு பாதிப்பு. நோயாளிகளின் 19 ஆயிரத்துக்கும் அதிகமான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகி இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

இங்கே கம்ப்யூட்டர் முடங்கினால் முதல் டோஸ் அட்மினுக்குத்தான். "நீ என்னப்பா பண்ணிட்டு இருந்த?" என்று கேட்கும்போது, வாய்வார்த்தையாக சொன்னது எதுவும் கைகொடுக்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் எதையும் இ-மெயிலில்தான் கேட்கிறார்கள். டிஸ்க் என்ன விலை, சர்வர் 2 நாள் நின்றால் எத்தனை பில் தேங்கும் என்று ரூபாய் கணக்கும் போட்டு அனுப்புகிறார்கள். வைரஸ் பெயருக்கு அசராத முதலாளி கூட இந்த கணக்கை ஒரு தடவை பார்ப்பார்.

இன்னொரு விஷயமும் அதில் எழுதலாம். இப்படி தாக்குதல் நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்கு தகவல் தர வேண்டும் என்று 2022-ல் உத்தரவு வந்துள்ளது. கேட்ட பணத்தை கட்டினாலும் பைல் திரும்ப கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. சைபர் கிரைம் புகாருக்கு போன் நம்பர் 1930.