சங்கிலி நழுவுவது ஏன்?

பிள்ளையை முன்னே அமர்த்தி, பின்னே அரிசி மூட்டையை ஏற்றி, மேட்டுப் பாதையில் எழுந்து நின்று மிதிக்கும் தந்தையின் காலடியில் சங்கிலி நழுவுமாயின், விழுவது மிதிவண்டி மட்டுமன்று. ஆயினும் நம்மில் பலர் நழுவிய செயினைக் கையால் மாட்டிவிட்டு நாளைக் கடத்துகிறோம். அல்லது பணம் கொடுத்துப் புதியது வாங்குகிறோம். அப்புதிய சங்கிலியோ சில வேளைகளில் முன்னிலும் மோசமாக நழுவுகிறது. நோயை அறியாமல் மருந்து வாங்கியதன் விளைவே இது.

'நழுவுகிறது' என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று பழுதுகள் அடங்கியுள்ளன.

முதலாவது, தொய்வு. சங்கிலி பற்சக்கரத்தை விட்டுக் கழன்று விழுமாயின் பெரும்பாலும் இதுவே காரணம். பின் சக்கரத்தின் இரு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் அசைய இடம் இருத்தல் வேண்டும். பற்சக்கரங்கள் முற்றிலும் வட்டமாய் இருப்பதில்லை. எனவே மிதியை மெல்லச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் இதனைப் பாருங்கள். சக்கரம் சட்டத்தின் நடுவே நேராக நிற்பதை உறுதி செய்து, நட்டுகளை மாறி மாறி முடுக்குங்கள். சக்கரம் நகர்ந்தமையால் பிரேக்குக் கட்டைகள் படும் இடமும் மாறியிருக்கும். அதனையும் சரிசெய்தல் அவசியம்.

இரண்டாவது, தேய்வு. சங்கிலி கழன்று விழாமல், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பற்களின்மேல் ஏறித் துள்ளுமாயின் இதுவே நோய். 1880-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பார் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழிவந்ததே நம் மிதிவண்டிச் சங்கிலியும். அதில் ஆணிக்கு ஆணி இடைவெளி அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். சங்கிலியை இழுத்துப் பிடித்து அளவுகோலால் அளந்து பாருங்கள். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் அச்சங்கிலியின் காலம் முடிந்தது. இரும்பு நீள்வதில்லை, உள்ளிருக்கும் ஆணிகள் தேய்ந்து இடைவெளி பெருகுகிறது. அவ்வாறு பெருகிய சங்கிலி பற்களையும் தேய்த்துக் கொக்கி போல் வளைத்துவிடுகிறது. அந்தப் பற்களில் புதிய சங்கிலி பொருந்தி அமராது. ஆகையால் பின்சக்கரப் பற்கள் வளைந்திருந்தால் பிரீவீலையும் சேர்த்தே மாற்றுவதுதான் சிக்கனம். கண்ணி வெட்டிக் குறுக்குவது தொய்வை மறைக்குமேயன்றித் தேய்வை மாற்றாது.

மூன்றாவது பழுது, பிரீவீலின் உள்ளே உள்ளது. சங்கிலியும் பற்களும் சுழல, சக்கரம் மட்டும் சுழலாமல் மிதி வெறுமனே ஓடினால், உள்ளே பற்றிக்கொள்ளும் சிறு நாக்குகள் பழைய பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிக் கழுவி, மெல்லிய எண்ணெய் இடுங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லையெனில் பிரீவீலை மாற்றுவதே வழி.

புதிய சங்கிலி பூட்டும்போது, இணைப்புக் கண்ணியில் உள்ள கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தைக் கைவிடுவது நலம். அது பிசுக்காகிப் புழுதியைச் சேர்க்கும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி மெஷின் எண்ணெய் இட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும், பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மிதியின்மேல் உடல் எடையைச் சாய்த்துப் பாருங்கள். மிதியைச் சற்றுச் சுற்றி நான்கைந்து இடங்களில் இவ்வாறு சோதியுங்கள். எங்கும் நழுவவில்லையெனில், சமதரையில் தனியே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன் பின்னரே பிள்ளைகளை ஏற்றுங்கள்.