வேற்று நாட்டில் ஓர் இல்லம்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதுவதாகப் புனையப்படும் யாப்பினையும் தொல்காப்பியனார் விருந்து என்றே வழங்கினார். ஆகவே விருந்தினன் என்பான் நாள்தோறும் வந்துபோகும் சுற்றத்தான் அல்லன். முன்பின் அறியாத புதியவனே ஆவன். திருவள்ளுவனார் அன்புடைமையை எட்டாம் அதிகாரத்தில் வைத்து, அதனை அடுத்த ஒன்பதாம் அதிகாரத்தில் விருந்தோம்பலை வைத்தனர். உள்ளத்தே உள்ள அன்பு முதன்முதல் வீட்டு வாயிலிலே சோதிக்கப்படுகின்றது என்பதே அவ்வைப்புமுறையால் நாம் கொள்ளத்தக்க கருத்தாகும்.

இக்காலத்து நம் மாணவர் பலர் கல்வியின் பொருட்டுப் பிறநாடு செல்கின்றனர். அங்ஙனம் செல்வோரிற் சிலர் அவ்வூர்க் குடும்பம் ஒன்றனோடு தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் மொழியைக் கேட்டுப் பழகி வாழ்கின்றனர். இவ்வழக்கம் புதியதென்று நினைப்பார் உளர். காவிரி பாயும் நம் தஞ்சை நாட்டின் பழைய வரலாற்றை நோக்குவார்க்கு இதன் தொன்மை விளங்கும். இவ்வாறு தங்குதலால் விளையும் பயன் யாது, ஏற்போர்க்கும் தங்குவோர்க்கும் உரிய கடமைகள் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

அயலூர் செல்வோன் தங்குதற்குரிய இடங்கள் மூவகைப்படும். தன் நாட்டார் கூடி வாழும் சேரியில் தங்குதல் ஒன்று. அறத்தின் பொருட்டு அமைந்த சத்திரத்தில் தங்குதல் மற்றொன்று. அவ்வூரார் ஒருவர் இல்லத்திலேயே தங்குதல் மூன்றாவது. இம்மூன்றும் தஞ்சை நாட்டில் சிறந்து விளங்கியவையே.

முதலாவதற்குக் காவிரிப்பூம்பட்டினமே சான்று. பல நாட்டு மொழி பேசுவோர் அத்துறைமுகத்தில் கலந்து இனிது வாழ்ந்தனர் என்பதைப் பட்டினப்பாலை முதலிய நூல்களால் அறிகிறோம். பிற்காலத்தே நாகப்பட்டினமும் அத்தகைய பெருமை எய்திற்று. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டரசன் தன் தந்தையாகிய சூளாமணிவர்மன் பெயரால் ஆங்கு ஒரு புத்த விகாரம் எடுப்பித்தான். சைவனாகிய முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்திற்கு அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்து நிலைபெறச் செய்தான். அச்செப்பேடுகள் நெடுங்காலம் ஆலந்து நாட்டு லெய்டன் நகரத்தே இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப்பட்டன. வேற்றுநாட்டார் வேற்றுச் சமயத்தராய் நின்று வழிபடுதற்கும் நம் நெல்வயல்கள் படியளந்தன என்பது இதனால் பெறப்படும்.

இனிச் சத்திரங்களைப் பற்றிக் கூறுவோம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் பல சத்திரங்களை நிறுவினர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியார் கைக்குச் சென்றபின், இரண்டாம் சரபோசி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் விடுத்தார். சத்திர தருமங்கள் குன்றாது நடைபெறல் வேண்டும் என்பதே அதன் கருத்து. எச்சாதியாராயினும் வழிப்போக்கர்க்குச் சோறு அளிக்கப்படுவதும், சமைத்த உணவு கொள்ளாதார்க்கு அரிசியும் கறிப்பொருள்களும் வழங்கப்படுவதும், நள்ளிரவில் மணி அடித்து இன்னும் உண்ணாதார் உளரேல் வருக என அழைக்கப்படுவதும், நோயுற்றார் நலம்பெறும் வரை மருந்தும் காப்பும் பெறுவதும் அக்கடிதத்தில் விரித்துரைக்கப்பட்டுள்ளன. நாடிழந்த மன்னர் ஒருவர், தம் நாட்டுவழியே செல்வார் பசித்தல் கூடாதென்று மன்றாடியமை நினைந்து நினைந்து மகிழ்தற்குரியது.

எனினும், சத்திரத்துச் சோறு பசியைத் தீர்க்குமேயன்றித் தனிமையைத் தீர்க்காது. ஆங்கு உண்டவன் மறுநாள் வழியைப் பார்த்துச் செல்வான், இட்டவரை அறியான், இட்டவரும் அவனை அறியார். ஒருவன் இல்லத்துள் ஏற்கப்படும்போது நிகழ்வதோ வேறு. இதனை உணர்த்துதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த நூல் வேறில்லை.

கோவலனும் கண்ணகியும் காவிரி நாட்டினர். புகாரில் பெருஞ்செல்வக் குடியிற் பிறந்தோர். பொருளிழந்தபின் முப்பது காதவழி நடந்து, வேற்றரசன் ஆளும் மதுரையை அடைந்தனர். அந்நகரின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியினிடம் அடைக்கலமாக அளித்தார். மாதரி முன்பின் அறியாத அவ்விருவரையும் ஏற்றுத் தன் இல்லத்திற்கு அழைத்துச் சென்ற முறையை ஊன்றி நோக்குக. ஆயர் கூட்டத்தின் ஆரவாரத்திடையே அவர்களை வைத்திலள். காவலமைந்த ஒரு சிறுமனையைத் தனியே அளித்தாள். கண்ணகிக்குத் துணையாகத் தன் மகள் ஐயையை நிறுத்தினாள். கோவலன் சாவக நோன்பினன், பகலில் உண்ணும் ஒழுக்கத்தினன் என்பதை உணர்ந்து, சமைத்தற்குரிய நல்ல கலங்களைக் காலந்தாழாது கொடுப்பித்தாள். காய்கனிகளும் சாலியரிசியும் நெய்யும் தந்தாள். தன் வீட்டுச் சமையலை அவர்மேற் சுமத்தாது, அவர் நோன்பு கெடாதபடி அவரே சமைத்துண்ணச் செய்தமையே அவள் செய்த உபசாரத்துள் தலையாயது. விருந்தினரின் ஒழுக்கத்தை மதித்தலே விருந்தோம்பலின் உயிர் என்பதை அம்மூதாட்டி கல்லாமலே அறிந்திருந்தாள்.

எலியா தீர்க்கதரிசி பஞ்சகாலத்தில் அயல்நாடாகிய சீதோனைச் சார்ந்த சாறிபாத் ஊருக்குச் சென்று, ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் இல்லத்தில் தங்கிய வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. பானையில் ஒருபிடி மாவே உடையாள் அவள். அந்நிய தேசத்தானுக்குக் கதவு திறந்தவர் இரண்டிடத்தும் செல்வர் அல்லர் என்பது கருதற்பாலது.

நிற்க. கோவலன் சிலம்பு விற்கச் சென்றபோது இமிலையுடைய காளை ஒன்று எதிரே பாய்ந்தது. அது தீநிமித்தம் என்பதை ஆயர் அறிவர், கோவலன் அறியான். அவன் குலத்தார்க்கு அவ்வறிவு இல்லை என்று அடிகள் தெளிவாகக் கூறுகின்றார். வேற்றுநாட்டில் தங்குவோனுக்கு இஃது ஓர் அரிய பாடம். ஓர் ஊரின் எச்சரிக்கைகள் அவ்வூர் மொழியிலும் வழக்கத்திலும் பொதிந்து கிடக்கின்றன. அவற்றை இல்லத்தாரிடம் கேட்டறியாது வெளியிற் செல்வோன், பாதுகாப்பான மனையில் தங்கியும் பாதுகாப்பற்றவனே ஆவன்.

மாதரியின் கடன் சோறிட்டதோடு முடியவில்லை. தான் ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாது போயிற்றே என்று வருந்தி அவள் தீயிற் புகுந்தாள் என நீர்ப்படைக் காதையால் அறிகிறோம். அவள் இறந்தபின்னும் அவ்வுறவு அறுந்திலது. புகாரிலிருந்து கண்ணகியைத் தேடிவந்த காவற்பெண்டும் அடித்தோழியும் தேவந்தியும் மதுரையில் ஐயையைக் கண்டு, அவளோடு கூடியே சேரநாடு சென்றனர். ஓரிரு நாள் விருந்து இரண்டு குடும்பங்களை நிலையான உறவாக்கியது. விருந்து என்ற நிலை அடைக்கலம் என்ற நிலைக்கு உயரும் இடம் இதுவே. விருந்தினனுக்கு உணவு போதும். அடைக்கலம் புகுந்தானுக்கோ இல்லத்தார் பொறுப்பேற்றல் வேண்டும்.

இனித் தங்குவோனின் கடமையைக் காண்போம். 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவ்வூரை ஆண்ட டேனியத் தலைவர் அவர்களை முகமலர்ந்து வரவேற்றிலர். தமிழ் ஆசிரியர் ஒருவரோ தம் திண்ணைப்பள்ளியை அவர்கள் தங்கிய வீட்டிற்கே கொண்டுவந்தார். சீகன்பால்கு ஐயர் சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் அகரம் முதலாக எழுதிப் பழகினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவர் அவ்வாறு அமர்தற்கு வேண்டிய பணிவே அவர் பெற்ற பேறுகளுக்கெல்லாம் வித்தாயிற்று. இரண்டாண்டுகளுக்குள் தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை வகுத்தார். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றுப்பெற்றது. கற்பிக்க வந்தவர் முதலில் கற்றார் என்பதே அவர் வரலாற்றின் சாரம்.

சுவார்ட்ஸ் ஐயரின் வரலாறு இன்னும் வியத்தற்குரியது. 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த அவர் 1778 முதல் தஞ்சையில் தங்கி வாழ்ந்தார். துளசா மன்னர் 1787ஆம் ஆண்டில் இறக்கும் தறுவாயில், தாம் மகன்மை கொண்ட சரபோசி என்னும் சிறுவனை அவர் பாதுகாப்பில் ஒப்புவிக்க விரும்பினார். பிறநாட்டிலிருந்து வந்து இந்நாட்டிற் குடியிருந்த ஒருவரிடம் நாட்டரசரே தம் பிள்ளையை அடைக்கலம் அளித்தனர் என்றால், அவர்மேல் வைத்த நம்பிக்கையை என்னென்பது! சிறுவனுக்குப் பின்னர் இடர் நேர்ந்தபோது சுவார்ட்ஸ் ஐயர் அவன் பொருட்டுப் பரிந்து முயன்றார். அவன் சென்னையிற் பாதுகாப்புடன் கல்வி பெற்றான். 1798ஆம் ஆண்டில் ஐயர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார். மரணப் படுக்கையிலிருந்த ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்கும் சலவைக்கற் சிற்பம், மன்னர் விருப்பப்படி ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன் செய்தது, தஞ்சையில் ஐயர் கட்டிய ஆலயத்தில் உள்ளது. விருந்தாக வந்தவர் நெடுநாள் வாழ்ந்து, பிறர்க்கு அடைக்கலம் அளிப்பவராயினமை அதனால் விளங்கும்.

இத்துணைப் பெருமையும் கூறியபின் ஓர் உண்மையை மறைத்தல் அறமன்று. கடல் கடந்து வந்தாரை ஏற்ற இந்நாடு, தன் வயலில் உழைத்தாரை ஏற்கவில்லை. பண்ணையாள் நாற்று நட்டான், களை பறித்தான், கதிரறுத்துக் களத்திற் போரடித்தான். அவன் விளைவித்த அரிசியே சத்திரத்திலும் இல்லத்திலும் விருந்தாயிற்று. ஆயினும் அவ்வீட்டுத் திண்ணையில் அமர அவனுக்கு இடமில்லை. சத்திரங்களில் சோறு எல்லார்க்கும் உண்டெனினும் பந்தி ஒன்றாகவில்லை. நம் திருச்சபையும் இக்குற்றத்திற்குப் புறம்பானதன்று. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைகளுக்குள் சாதிவேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சைச் சபையாருட் பலர் அதனை எதிர்த்தனர். ஒரே பாத்திரத்தில் பருகும் இராப்போசனப் பந்தியிலேயே உடன்பிறந்தானைப் பிரித்துவைக்க முயன்றனர்.

பண்ணையாட்களைக் காக்கும் சட்டம் தஞ்சை மாவட்டத்திற்கென 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்பின்னரும், அன்றைய கீழத்தஞ்சையைச் சார்ந்த வெண்மணியில் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளிரவு, கூலியுயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார் அஞ்சி ஒரு குடிசையுட் புகுந்தனர். அக்குடிசை எரியூட்டப்பட்டது, பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளுமாக 44 உயிர்கள் மாண்டன. சத்திரத்தில் இடம்பெறாத பாலகனின் பிறப்பை நாம் பாடிக் கொண்டாடிய அதே இரவில், நம் நெல்நாட்டில் அடைக்கலம் புகுந்தோர்க்கு இக்கதி நேர்ந்தது. விருந்தோம்பலைப் பற்றித் தஞ்சை நாட்டார் பேசும் பேச்சு இதனை நினையாது நிறைவுறாது.

ஆகவே, பிறநாடு சென்று ஓரில்லத்தில் தங்கும் நம் மாணவர் உள்ளத்திற் கொள்ளத்தக்கவை சில உள. அவ்வீட்டார் மொழியில் நாளுக்குச் சில சொற்களையேனும் கற்றல் வேண்டும். சீகன்பால்கு ஐயர் மணலில் அமர்ந்ததை நினைக. உண்ணாத உணவையும் விலக்கிய பொருளையும் முதல்நாளே பணிவுடன் கூறிவிடுதல் நன்று. கூறாது வைத்துப் பின் முகஞ்சுளித்தல் அடுதொழில் செய்தாரை வருத்தும். அவ்வீட்டு வேலைகளில் தம்மாலியன்றதைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். வெளியிற் செல்லுங்கால் செல்லுமிடத்தையும் மீளும் நேரத்தையும் அறிவித்துச் செல்லல் வேண்டும். நம் பாதுகாப்பிற்கு அவர்கள் பொறுப்பேற்றுள்ளமையால் அதனை அறிதல் அவர்கள் உரிமை. பிரிந்தபின் கடிதம் எழுத மறத்தல் ஆகாது; ஐயைபோல் ஒரு தங்கையும் மாதரிபோல் ஒரு தாயும் அங்கே இருக்கின்றனர்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. முன்பின் அறியாதார் இல்லத்தில், நம் குலம் வினவாது நமக்குச் சோறிடக் கண்டோம் என்றால், அவ்வறிவோடு நம் ஊருக்கு மீளுதல் வேண்டும். நம் இல்லத்து வாயிலில் யார் இன்னும் நிற்கின்றனர், யாரை இன்னும் உள்ளே அழைத்திலோம் என்று நோக்குதல் வேண்டும். அழைத்து, ஒரே பந்தியில் உடனிருந்து உண்ணும் நாளிலேதான் அயல்நாட்டில் நாம் உண்ட சோற்றுக்கு நன்றி செலுத்தினோராவோம்.