கடலைக்குக் கைகொடுக்கும் சூப்பர் உப்பு

குடுபல்லி: பெங்களூரில் கூலி வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களின் வீடுகளில், ஆனி மாத மழை விழுந்ததும் எழும் முதல் கேள்வி, “எந்த உரம் வாங்குவது?” என்பதுதான். பலரும் யோசியாமல் டி.ஏ.பி. மூட்டையைத் தூக்கி வருகிறார்கள். வேர்க்கடலைக்கு அது மட்டும் போதுமா?

‘சூப்பர் பாஸ்பேட்’ என்ற சாம்பல் நிற உப்பு நமக்குப் புதியதல்ல. 1842-ல் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதன்முதலாக 1906-ல் இதைத் தயாரித்தது, நமக்குப் பக்கத்திலுள்ள ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி அமைத்த ஆலைதான்.

பாஸ்பேட் பாறை நீரில் கரையாது; பயிருக்கு எளிதில் கிடைக்காது. அதைப் பொடித்துக் கந்தக அமிலம் சேர்த்தால் கரையும் உப்பாகிறது. இதில் மணிச்சத்து 16 சதவீதம். கூடவே சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் உண்டு. சுண்ணாம்பு காயைத் திரட்சியாக்கும். கந்தகம் எண்ணெயைக் கூட்டும். டி.ஏ.பி.யில் இவ்விரண்டும் கிடையா.

ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. மூன்று மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் ஏறக்குறைய இதற்கு ஈடு. இரண்டின் விலையையும் கணக்கிட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

மணிச்சத்து மண்ணில் இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. ஆகவே கடைசி உழவில் அடியுரமாக இட வேண்டும். பயிர் வளர்ந்தபின் மேலே தூவினால், வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் வீண்தான். அடுத்த கடிதத்தில் இதையும் ஒரு வரி வீட்டுக்கு எழுதலாமே!