மட்டியின் ஒட்டுந்திறனும் இரசாயன உணரிகளும்

கடற்பாறையைப் பற்றிய மட்டியை அலை எளிதிற் பெயர்ப்பதில்லை. நாம் உபயோகிக்கும் பசைகளிற் பெரும்பாலானவை ஈரப்பரப்பில் ஒட்டமாட்டா. இடையே நீர்ப்படலம் குறுக்கிடுவதே காரணம். மட்டியோ நீருக்குள்ளேயே தன் நார்களைப் பாறையிற் பிணைக்கின்றது. நீல மட்டியின் ஒட்டுப்புரதத்தில் டோபா என்னும் அமினோவமிலம் செறிந்திருத்தலை 1981 இல் வெயிற், ரன்சர் என்போர் எடுத்துக்காட்டினர். டோபாவிலுள்ள கற்றிக்கோல் வளையம் அருகருகே இரு ஐதரொட்சிற் கூட்டங்களை உடையது. உலோக ஒட்சைட்டுப் பரப்பை இரு விரல்களாற் கவ்வுவதுபோல அது கவ்வுகின்றது.

கற்றிக்கோலையும் அமீனையும் ஒருங்கே கொண்ட சிறு மூலக்கூறு டொபமீன். ஐக்கிய அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் மெஸர்ஸ்மித் குழுவினர் 2007 இல் வெளியிட்ட முறை வியப்பூட்டுமளவு எளியது. மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் டொபமீனைப் பீ.எச். 8.5 உடைய கரைசலில் இட்டு, எப்பொருளையேனும் அதனுள் அமிழ்த்திவைத்தால், வளியின் ஒட்சிசனே எஞ்சிய வேலையைச் செய்துவிடும். ஒரு நாளில் ஏறக்குறைய 50 நனோமீற்றர் தடிப்புள்ள கருங்கபிலப் படலம் தோன்றுகின்றது. எதுவும் ஒட்டாத ரெப்லோனும் இதற்கு விலக்கன்று. வாழைப்பூ அரியும் கையிற் படியும் கறையும் பீனோல்களின் ஒட்சியேற்றத்தால் விளைவதே. இப்பல்பகுதியத்தின் கட்டமைப்புப் பற்றி மட்டும் இரசாயனவியலாளர் இன்னும் உடன்பட்டாரல்லர்.

இனி உணரிகளுக்கு வருவோம். 13 நனோமீற்றர் அளவுடைய பொற்றுணிக்கைகள் நீரிற் பரவியிருக்கையிற் செந்நிறமாயும், திரள்கையில் நீலமாயும் தோன்றும். தேடும் பொருள் திரளச் செய்யுமாயின் நிறமே சாட்சியாகும். ஆனால் வெறும் கறியுப்பும் அவற்றைத் திரட்டிவிடும். அப்போது சாட்சி பொய்க்கின்றது. சில நனோமீற்றர்த் தடிப்புள்ள பொலிடொபமீன் உறை துணிக்கைகளை உப்பிலிருந்து காக்கின்றது. அதன் கற்றிக்கோல்கள் ஈயம், செம்பு, இரும்பு அயன்களைப் பற்றுகின்றன. குயினோன் பகுதிகளோ அமீனும் தயோலும் உடைய பிறபொருளெதிரிகளையும் டீ.என்.ஏ. இழைகளையும் வேறு பரிகரிப்பின்றி ஏற்றுக்கொள்கின்றன.

இடர்ப்பாடும் இங்கேயே தொடங்குகின்றது. எதிலும் ஒட்டுவது எதனையும் ஒட்டவிடும். உணரிக்கு வேண்டியதோ தெரிந்தெடுத்தல். ஈயத்தைத் தேடும் உறையை நீரிலுள்ள இரும்பு முந்திக்கொள்ளக்கூடும். காய்ச்சிவடித்த நீரில் ஒரேயோர் அயனைக் கரைத்துப் பெறும் உணர்திறனை உணரியின் தகுதியாக நாம் ஏற்றல் இயலாது. தெரிந்தெடுக்கும் பணியை உறைமேற் பிணைக்கும் மூலக்கூறே செய்யவேண்டும். உறை அதற்கு மேடை மாத்திரமே. மட்டியிடம் வேறொரு நுட்பமும் உண்டு. டோபா குயினோனாக ஒட்சியேறினால் கனிமப் பரப்பின் மீதான பிடி தளர்கின்றது. தயோல் செறிந்த ஒரு புரதத்தால் மட்டி அதனை மீளத் தாழ்த்துகின்றதென 2011 இல் அறியப்பட்டது. நமது உறையில் ஒட்சியேற்றம் வளியின் போக்கிற்கு விடப்பட்டுள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளில் இவ்வுணரியை இறக்குவதாகக் கொள்வோம். கரைந்துள்ள கல்சியம் உறையின்மீது தானும் போய்ப் படியும். அக்கிணறுகளிற் கவலைக்குரியதாயுள்ள நைத்திரேற்றோ அன்னயன். கற்றிக்கோல் அதனைக் கவ்வுவதில்லை. குடிநீரின் பீ.எச். இல் பொலிடொபமீனும் எதிர்மின்னேற்றம் உடையதாதலின் நைத்திரேற்றைத் தள்ளவே முற்படும். அதற்கு வேறோர் உறை வேண்டும்.