அப்பாயிக்குக் காய்ச்சல் வந்தது எப்படி?

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனோம். சொர்க்கவாசலில் எள்ளு போட்டா விழாது, அவ்வளவு கூட்டம். மூணாம் நாள் எனக்குக் காய்ச்சல், இருமல். பக்கத்துல படுத்த அப்பாயிக்கும் ஒட்டிக்கிச்சு. "மார்கழிப் பனிதான்" என்றார் அப்பாயி. "ஃப்ளூ" என்றார் டாக்டர்.

ஃப்ளூ ஒரு வைரஸ். இருமும்போது தெறிக்கும் துளிகளால் பரவும். 1918-19இல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்தனர். 2009இல் வந்த பன்றிக்காய்ச்சலும் ஃப்ளூதான்.

வீட்டைக் காக்க:
1. இருமினால் வாய், மூக்கைக் கைக்குட்டையால் மூடுங்கள்.
2. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.
3. காய்ச்சல் வந்தவர் தனியாகப் படுக்கணும். தனி டம்ளர் வைங்க.
4. மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி!

முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். அப்பாயி பிழைச்சிட்டாங்க. நான் அன்னைக்கே தள்ளிப் படுத்திருக்கணும். நீங்களாவது தள்ளிப் படுங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி